கேரவன் வண்டியில் இன்ஜின் சூடும் டயர் காற்றும்: செட்டிநாட்டு வெயிலில் எச்சரிக்கை வந்தால் என்ன செய்வது

சித்திரை மாதத்து மதியம் இரண்டு மணிக்கு, காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் போகும் சாலையில் நான்கு டன் எடையுள்ள ஒரு கேரவன் ஏ.சி. போட்டுக்கொண்டு ஓடுகிறது. அதில் இரண்டு இடங்களில் சூடு ஏறிக்கொண்டிருக்கும். ஒன்று இன்ஜினைச் சுற்றி ஓடி அதைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட். இன்னொன்று டயருக்குள் அடைபட்டிருக்கும் காற்று. இன்ஜினுக்கு டாஷ்போர்டில் விளக்கு இருக்கிறது, சில வண்டிகளில் டயருக்கும் இருக்கும். ஆனால் விளக்கு எரியும் நேரத்துக்கு விஷயம் பாதி தூரம் போயிருக்கும். அதனால் விளக்கு எரிந்தபின் செய்ய வேண்டியதைத் தெரிந்துகொள்வதற்கு முன்னால், விளக்கு எரியாத சாதாரண நாளில் உங்கள் வண்டி என்ன எண் காட்டுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒன்றைச் சுற்றித்தான் போகிறது.

உங்கள் வண்டியின் வழக்கமான எண்கள்

டாஷ்போர்டில் உள்ள டெம்பரேச்சர் முள்ளை அப்படியே நம்ப வேண்டாம். இப்போது வரும் பெரும்பாலான வண்டிகளில் அந்த முள், கூலன்ட் சுமார் 80 டிகிரியில் இருந்தாலும் 100 டிகிரியில் இருந்தாலும் நடுவிலேயே நிற்கும்படி செய்யப்பட்டிருக்கிறது. ஓட்டுநர் சின்னச் சின்ன ஏற்ற இறக்கத்துக்குப் பதற்றப்படக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். விளைவு, முள் நடுவை விட்டு நகரும்போது இன்ஜின் ஏற்கெனவே ரொம்பச் சூடாகியிருக்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓ.பி.டி. சாக்கெட்டில் (வண்டியின் கம்ப்யூட்டர் தகவலைப் படிக்கும் இடம்) செருகும் ஒரு சின்ன ரீடரை வாங்கி, செல்போனிலோ தனித் திரையிலோ கூலன்ட் வெப்பத்தை டிகிரியில் பார்ப்பதுதான் சரி. கேரவனுக்கு வாங்கும் துணைக்கருவிகளில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பயன் தருவது வேறில்லை.

பொதுவாக டீசல் இன்ஜினில் தெர்மோஸ்டாட் (கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கும். சமதளச் சாலையில் 85 முதல் 95 வரை ஓடும். கோடை மதியத்தில் ஏ.சி.யோடு 100 வரை போவது பயப்பட வேண்டியதில்லை. 105 தொட்டால் சுமையைக் குறைக்க வேண்டும். 110 என்றால் ஓரங்கட்ட வேண்டும். உங்கள் வண்டியின் கையேடு வேறு எண் சொன்னால் அதுதான் கணக்கு. மூன்று நிலைமைகளில் எண்ணைக் குறித்து வையுங்கள்: சமதளத்தில் 70 கி.மீ. வேகத்தில், ஏ.சி. போட்டு நின்றபடி பத்து நிமிடம், நீண்ட ஏற்றத்தில். பிறகு ஒரு நாள் அதே சாலையில், அதே வெயிலில் 7, 8 டிகிரி கூடுதலாகக் காட்டினால், எந்த விளக்கும் எரியாவிட்டாலும் ரேடியேட்டரையோ ஃபேனையோ பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

டயருக்கான எண் எடையிலிருந்து வருகிறது. ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள காற்றழுத்தம், வண்டி கம்பெனியிலிருந்து வந்த வடிவத்துக்கானது. அதில் படுக்கை, சமையல் மேடை, ஃபிரிட்ஜ், பேட்டரி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஏற்றிய பிறகு அந்த எண் பொருந்துமா என்பதை எடை போட்டுத்தான் சொல்ல முடியும். நூறு லிட்டர் தண்ணீர் என்றால் நூறு கிலோ. சில வண்டிகளில் அது பின் அச்சுக்கும் பின்னால் உட்கார்ந்திருக்கும். லாரிகளுக்கு எடை போடும் எந்த எடை மேடையிலும் இதைச் செய்யலாம். பயணத்துக்குப் போவதுபோலவே தண்ணீர், டீசல், சாமான், ஆட்கள் எல்லாவற்றோடும் போங்கள். முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு சீட்டு, முழு வண்டிக்கு ஒரு சீட்டு, பின் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்க ஒரு சீட்டு. மூன்றும் கையில் இருந்தால், டயர் கம்பெனி வெளியிடும் எடை–காற்று அட்டவணையில் பார்த்து முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அழுத்தம் வைக்கலாம். ஒரே அச்சில் வலமும் இடமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். டயரின் பக்கச் சுவரில் அச்சடித்திருக்கும் அழுத்தம், அந்த டயர் முழுச் சுமையைத் தாங்குவதற்கான அளவு. உங்கள் வண்டிக்கு அதைத்தான் அடிக்க வேண்டும் என்று பொருளில்லை.

இன்ஜின் சூடாகிறது என்றால், வரிசையாக

1. வண்டியின் ஏ.சி.யை உடனே அணையுங்கள். அதன் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால்தான் இருக்கிறது. தன் சூட்டை ரேடியேட்டர் மேலேயே தள்ளுகிறது. கம்ப்ரசரும் இன்ஜினுக்குச் சுமை. (வீட்டுப் பகுதிக்கு இன்வெர்ட்டரிலோ ஜெனரேட்டரிலோ தனியாக ஓடும் ஏ.சி. இதில் சேராது.)

2. ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில், முழு வேகத்தில் போட்டு, ஜன்னல்களை இறக்குங்கள். ஹீட்டருக்குள் இருப்பது ஒரு சின்ன ரேடியேட்டர். மே மாதத்தில் கொடுமையாக இருக்கும். ஆனால் பல டிகிரி இறக்கிவிடும். ஹீட்டரிலிருந்து குளிர்ந்த காற்று வந்தால் கூலன்ட் குறைந்துபோயிருக்கிறது என்று அர்த்தம். அப்போது அடுத்த படிக்குப் போகாமல் நேராக நிறுத்தி இன்ஜினை அணையுங்கள்.

3. ஒரு கியர் குறைத்து, ஆக்சிலரேட்டரை லேசாக்கி, 2,000 முதல் 2,500 ஆர்.பி.எம்.மில் ஓட்டுங்கள். உயர்ந்த கியரில் திணறிக்கொண்டு ஏறுவதுதான் சூட்டைக் கூட்டும். இந்தச் சுற்றில் வாட்டர் பம்பும் ஃபேனும் நன்றாகச் சுழலும், இன்ஜின் மேல் பாரம் குறையும்.

4. ஒன்று இரண்டு நிமிடத்தில் எண் இறங்காவிட்டால், அல்லது சிவப்பு விளக்கு எரிந்தால், ஓரங்கட்டுங்கள். "அடுத்த ஊர் வரைக்கும் போயிடலாம்" என்ற நினைப்பில்தான் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைகிறது. ஐந்து கிலோமீட்டர் மிச்சம் பிடிக்கப் போய் ஹெட்டைக் கழற்றி வேலை பார்க்கும்படி ஆகும்.

5. நிறுத்திய இடத்தில் ஆவி, ஒழுக்கு, ஆயில் விளக்கு எதுவும் இல்லையென்றால், இரண்டு நிமிடம் ஐடிலில் ஓடட்டும். உள்ளே தேங்கிய சூட்டைக் கூலன்ட் எடுத்துவரும். ஆவி வந்தாலோ, எண் ஐடிலிலும் ஏறிக்கொண்டே போனாலோ, பேட்டரி விளக்கும் சேர்ந்து எரிந்தாலோ, அந்த நொடியே அணையுங்கள். பேட்டரி விளக்கும் டெம்பரேச்சர் விளக்கும் ஒன்றாக வருவது பெரும்பாலும் பெல்ட் அறுந்ததைக் காட்டும். பல இன்ஜின்களில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் ஒரே பெல்ட்தான் சுற்றுகிறது.

6. பானட்டைத் திறக்கலாம். ரேடியேட்டர் மூடியையும் எக்ஸ்பான்ஷன் டேங்க் (கூலன்ட் அளவு தெரியும் தொட்டி) மூடியையும் தொடாதீர்கள். குறைந்தது 45 நிமிடம். ரேடியேட்டரின் மேல் ஹோஸை ஒரு தடித்த துணியால் பிடித்து அமுக்கிப் பாருங்கள். கல்போல இருந்தால் உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கிறது. எலெக்ட்ரிக் ஃபேன் உள்ள வண்டியில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுழலும். விரலைப் பக்கத்தில் கொண்டு போகாதீர்கள்.

மூடியை ஏன் தொடக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. தண்ணீர் திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும். மூடி தாங்கும் அழுத்தத்தில், சுமார் ஒரு பார் அளவில், 120 டிகிரி வரை கொதிக்காமல் திரவமாகவே இருக்கும். 110 டிகிரியில் இருக்கும் அந்தத் தண்ணீரின் மேல் உள்ள அழுத்தத்தை நீங்கள் ஒரே திருகில் விடுவித்தால், அது அங்கேயே ஆவியாகி முகத்துக்குத்தான் வரும். குக்கர் விசில் அடங்காமல் மூடியைத் திறப்பதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

இன்னொரு குழப்பம்: கொதித்துக்கொண்டிருந்த வண்டியில் முள் திடீரென்று கீழே விழும். சரியாகிவிட்டது என்று தோன்றும். கூலன்ட் முழுக்க வெளியேறி, சென்சார் வெறும் காற்றைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் முள் அப்படித்தான் விழும். பானட்டிலிருந்து ஆவி வர, முள் குளிர்ச்சி காட்டினால், முள்ளை விட்டுவிட்டு ஆவியை நம்புங்கள்.

ஆறிய பிறகு: என்ன ஊற்றுவது

மூடியைத் துணி போட்டுக் கால் சுற்று திருகி, சீறல் நிற்கும்வரை காத்திருந்து, பிறகு எடுங்கள். அளவு குறைந்திருந்தால் முதலில் எங்கே போனது என்று பாருங்கள். ஹோஸ் கிளிப், ரேடியேட்டரின் அடிப்பக்கம், வாட்டர் பம்புக்குக் கீழே காய்ந்த வெள்ளை அல்லது நிறக் கறை இருக்கும்.

ஊற்ற வேண்டியது, கையேடு சொல்லும் வகைக் கூலன்ட். செறிவாக வருவதைக் காய்ச்சி வடித்த நீரோடு சரிபாதி கலக்க வேண்டும். கலந்தே வருவதை அப்படியே ஊற்றலாம். "இங்கே பனியா பெய்யுது, கூலன்ட் எதற்கு" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சரிபாதிக் கலவை மூடிக்குள் 125 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும், துருவையும் தடுக்கும். நமக்குத் தேவை அந்த இரண்டும். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரே பச்சையில் இரண்டு வேறு வேதிப்பொருள் வகைகள் விற்கிறார்கள். சேரக் கூடாத வகைகளைக் கலந்தால் குழம்பாகி ரேடியேட்டர் குழாயை அடைக்கலாம்.

வழியில் கூலன்ட் கிடைக்காவிட்டால்? பெட்டிக்கடையில் கிடைக்கும் கேன் தண்ணீர் பரவாயில்லை. போர் தண்ணீர் வேண்டாம். இந்தப் பக்கத்து போர் தண்ணீரில் குடத்தின் உட்புறத்தில் படியும் உப்பு, இன்ஜினுக்குள்ளும் அதேபோல் படியும். ரேடியேட்டரின் நுண்ணிய குழாய்களுக்குள் அது சூட்டை வெளியே விடாத பூச்சாகிவிடும். வேறு வழியே இல்லாமல் ஊற்றினால், ஊர் போய்ச் சேர்ந்ததும் முழுக்க வடித்து, கழுவி, புதுக் கூலன்ட் நிரப்புங்கள். எதை ஊற்றினாலும் இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஒரு டம்ளர் அளவாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கொதிக்கும் உலோகத்தில் பச்சைத் தண்ணீர் பட்டால் ஹெட்டில் விரிசல் விழலாம். பிறகு ஹீட்டரைத் திறந்து வைத்துக் குமிழி வருவது நிற்கும்வரை ஓடவிட்டு மூடியைப் போடுங்கள். உள்ளே காற்று சிக்கியிருந்தால் அளவு சரியாக இருந்தும் மறுபடி சூடேறும்.

வடித்த கூலன்ட்டைச் சாலையோரத்தில் விடாதீர்கள். இனிப்புச் சுவை உள்ள விஷம் அது. நாயும் ஆடும் நக்கிவிடும். பழைய கேனில் பிடித்து ஒர்க் ஷாப்பில் கொடுங்கள்.

எப்போது சூடாகிறது என்பதே பாதிக் காரணத்தைச் சொல்லும்

கானாடுகாத்தானில் வீடு வீடாக நிறுத்திப் பார்த்துக்கொண்டு ஊர்ந்து போகும்போது சூடாகி, சாலைக்கு வந்து 60 பிடித்ததும் இறங்கினால், குறை ஃபேனில். வண்டி ஓடும்போது காற்று தானாக வருகிறது. நிற்கும்போது ஃபேன்தான் கொண்டுவர வேண்டும். எலெக்ட்ரிக் ஃபேன் என்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். ஏ.சி. போட்டதும் ஃபேன் ஓட வேண்டும்; அதுவே எளிய சோதனை. விஸ்கஸ் ஃபேன் (இன்ஜினே சுற்றும், சூடானால் கிளட்ச் இறுகி வேகமெடுக்கும் ஃபேன்) என்றால், இன்ஜின் சூடாக இருக்கும்போது அணைத்துவிட்டு இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் பல சுற்று சுழன்றால் கிளட்ச் போய்விட்டது.

இதற்கு நேர்மாறாக, ஊருக்குள் ஒன்றும் இல்லை, நெடுஞ்சாலை வேகத்திலும் ஏற்றத்திலும் மட்டும் சூடாகிறது என்றால், கூலன்ட்டின் ஓட்டம் போதவில்லை. உப்படைத்த ரேடியேட்டர், பாதி திறந்து நின்றுவிட்ட தெர்மோஸ்டாட், தேய்ந்த வாட்டர் பம்ப், வேகத்தில் உள்ளே உறிஞ்சப்பட்டுச் சப்பையாகும் கீழ் ஹோஸ், இவற்றில் ஒன்று. மேல் ஹோஸ் கொதிக்க, கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் தெர்மோஸ்டாட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டச் சொல்லும் பழக்கம் தப்பு. தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் சரியான சூட்டுக்கே வராமல் டீசலைக் குடிக்கும், பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டியில் கண்ட்ரோல் யூனிட் குறை காட்டும்.

வெளியிலிருந்து வரும் அடைப்பு இந்தப் பகுதியில் அதிகம். அறுவடைக் காலத்தில் கொள்ளு, உளுந்து, எள் எல்லாம் சாலையிலேயே காயும். வண்டி அதன் மேல் ஏறிப் போகும்போது எழும் சருகும் வைக்கோல் தும்பும் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் போய்ச் சேரும். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. இன்ஜின் பக்கத்திலிருந்து வெளியே நோக்கி, சாதாரண ஹோஸ் அழுத்தத்தில் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பிரஷர் வாஷரைக் கிட்டே பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி, அடைப்பு நிரந்தரமாகிவிடும். அதே தும்பு சைலன்சரில் சிக்கினால் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. பி.எஸ்.6 வண்டி புகை வடிகட்டியில் சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்யும் நேரத்தில் ஐடில் கூடி, ஃபேன் வேகமாகச் சுழன்று, கருகல் வாடை வரும். அது இன்ஜின் சூடாவது அல்ல. ஆனால் புகைக்குழாய் பல நூறு டிகிரி இருக்கும். அந்த நேரத்தில் காய்ந்த புல் மேலோ வைக்கோல் மேலோ நிறுத்தவே கூடாது.

பெரிய செலவுக்கான அறிகுறிகளும் தெரிந்திருக்கட்டும். ஒழுக்கே இல்லாமல் கூலன்ட் குறைகிறது. காலையில் ஸ்டார்ட் செய்த இரண்டு நிமிடத்தில், இன்னும் சூடேறாமலே, மேல் ஹோஸ் கல்லாகிறது. ஆயில் பால் விட்ட டீ நிறத்தில் இருக்கிறது. வெள்ளைப் புகை இனிப்பு வாடையோடு வருகிறது. இவற்றில் எது இருந்தாலும் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்குக் கீழே உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கலாம் என்று சந்தேகம். ஓட்டிக்கொண்டு போகாமல் ரெக்கவரி வண்டியில் ஏற்றுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1033க்கு அழைக்கலாம்.

டயர்: காலை எண்ணே கணக்கு

காற்றழுத்தம் பார்க்க வேண்டியது வெயில் ஏறும் முன்பு, வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு. பங்க்கில் உள்ள மீட்டர்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை, 100 பி.எஸ்.ஐ. வரை காட்டும் சொந்த மீட்டர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடைபட்ட காற்று சூட்டில் எவ்வளவு ஏறும் என்பதைக் கணக்கிட்டே சொல்லலாம். காலையில் 28 டிகிரியில் 65 பி.எஸ்.ஐ. வைத்த டயர், மதியம் ஓட்டத்தில் உள்காற்று 60 டிகிரி ஆகும்போது 73, 74 காட்டும். இது இயல்பு. இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். "காற்று கூடிப்போச்சு, வெடிச்சிடும்" என்று பயந்து, சூடான டயரில் 65 ஆகும்வரை காற்றை விடுகிறார்கள். மறுநாள் காலை அந்த டயரில் 57 தான் இருக்கும். குறைந்த காற்றில் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும். அந்த மடிப்பே சூடாகும், சூடு ரப்பரையும் உள்ளிருக்கும் அடுக்குகளையும் பிரிக்கும். கோடையில் டயர் வெடிப்பதற்குக் கூடுதல் காற்றைவிடக் குறைந்த காற்றும் அதிகச் சுமையுமே பெரிய காரணம். சூடான டயரில் காற்றை விடாதீர்கள்.

டயர் வால்வில் மாட்டி, காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் திரையில் காட்டும் டி.பி.எம்.எஸ். சென்சார் வாங்கினால், வரும் முன்னமைப்பை அப்படியே விடாமல் உங்கள் எண்ணுக்கு மாற்றுங்கள். குளிர்ந்த அழுத்தம் 65 என்றால், கீழ் எல்லை 56, மேல் எல்லை 80, வெப்ப எல்லை 70 டிகிரி. கார்களில் கம்பெனியே பொருத்தித் தரும் டயர் எச்சரிக்கை விளக்கு பெரும்பாலும் கால் பங்கு காற்று போன பிறகே எரியும். பாரமான கேரவனுக்கு அது ரொம்பத் தாமதம். ரப்பர் வால்வில் சென்சார் எடை ஆடி ஆடி அடிப்பக்கம் வெடிப்பு விடலாம். உலோக வால்வுக்கு மாறிவிடுங்கள். இராமேஸ்வரம், தொண்டிப் பக்கம் கடற்காற்றில் நின்று வந்தால் சென்சார் வால்வோடு ஒட்டிக்கொண்டு கழற்ற வராது. மாட்டும்போதே மரையில் துளி சிலிக்கான் கிரீஸ் தடவினால் இந்தத் தொல்லை இல்லை. நீண்ட வண்டியில் பின் சக்கரத்துச் சிக்னல் விட்டு விட்டு வந்தால் நடுவில் ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் கருவி) வைக்க வேண்டும். டயர்களை இடம் மாற்றினால் சென்சார்களையும் திரையில் இடம் மாற்ற மறக்காதீர்கள். இடது பின் டயர் காற்று இழப்பதை வலது முன் என்று திரை காட்டினால், நல்ல டயரைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவீர்கள்.

எந்த எச்சரிக்கைக்கு என்ன

காற்று வேகமாக இறங்கினால்: பிரேக்கை அழுத்தாதீர்கள். ஸ்டீயரிங்கை இரு கையாலும் நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரை மெதுவாக விட்டு, வேகம் தானாகக் குறைந்த பிறகு ஓரங்கட்டுங்கள். உயரமான வண்டியில் பதறிப் பிடிக்கும் பிரேக்தான் கவிழ்க்கும்.

மெதுவாக இறங்கினால், அதாவது அரை மணியில் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ., பெரும்பாலும் சீமைக் கருவேல முள். சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் சாலையோரம் மண்ணில் இறங்கி நிறுத்தினாலே டயரில் ஒன்றிரண்டு ஏறும். ஏறிய முள்ளை அங்கேயே பிடுங்காதீர்கள். அதுதான் இப்போது துளையை அடைத்துக்கொண்டிருக்கிறது. காற்று நிரப்பி, 40 கி.மீ. வேகத்தில் அருகிலுள்ள பஞ்சர் கடைக்குப் போங்கள்.

பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டியில் கவனம் கூடுதல். ஒன்று காற்று இழந்தாலும் ஸ்டீயரிங்கில் ஒன்றும் தெரியாது. மற்றது இரண்டு டயரின் பாரத்தையும் தனியாகச் சுமக்கும். சாய்ந்த டயர் பக்கத்து டயரோடு உரசிச் சூடாகித் தீப்பிடித்ததும் உண்டு. அதனால் உள் டயருக்கு நீட்டிப்பு வால்வு போட்டு அங்கேயும் சென்சார் மாட்டியே ஆக வேண்டும். கட்டையால் தட்டிப் பார்க்கும் முறை, முழுக்கக் காற்றுப் போனதைச் சொல்லும், பத்து பி.எஸ்.ஐ. குறைவைச் சொல்லாது.

அழுத்தம் சரியாக இருந்து ஒரே சக்கரத்தில் மட்டும் வெப்ப எச்சரிக்கை வந்தால், டயரை விட்டுவிட்டு பிரேக்கையும் வீல் பேரிங்கையும் பாருங்கள். அதே அச்சின் அடுத்த சக்கரத்தோடு ஒப்பிட்டு 15 டிகிரிக்கு மேல் கூடுதலாக இருந்தால், பிரேக் பிடித்துக்கொண்டு விடவில்லை, அல்லது பேரிங் கிரீஸ் வற்றியிருக்கிறது. ரிம் பக்கம் கையை நீட்டினாலே அனல் தெரியும், லைனிங் கருகும் வாடையும் வரும். தண்ணீர் ஊற்றாதீர்கள், டிரம்மோ டிஸ்க்கோ வெடிப்பு விடும். ஹேண்ட்பிரேக்கையும் போடாமல், சக்கரத்துக்குக் கட்டை வைத்து ஆறவிடுங்கள். வெயில்படும் பக்கத்து டயர்கள் எல்லாமே நாலைந்து டிகிரி கூடுதலாகக் காட்டுவது இயல்பு. ஒன்று மட்டும் தனித்து நிற்பதைத்தான் தேட வேண்டும்.

சக்கரம் மாற்றும்போது

ஆட்கள் எல்லாரும் இறங்கிச் சாலையை விட்டு விலகி நிற்கட்டும். ஹசார்ட் விளக்கு, 50 மீட்டர் பின்னால் முக்கோணம், எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. செம்மண் கோடையில் சிமெண்ட் தரைபோல் இருக்கும்; ஒரு மழை பெய்துவிட்டால் ஜாக்கி இறங்கிவிடும். ஒரு அடிக்கு ஒரு அடி, ஒரு அங்குலத் தடிமன் பிளைவுட் பலகை எப்போதும் வண்டியில் இருக்கட்டும். ஜாக்கி குறைந்தது ஐந்து டன் ஹைட்ராலிக். வண்டியைத் தூக்கும் முன்பே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்துங்கள். தூக்கிய பிறகு யாரும் வண்டிக்குள்ளும் கீழேயும் இருக்கக் கூடாது. ஸ்டெப்னியை மாட்டி, நட்டுகளை எதிரெதிராக முறுக்கி, இறக்கிய பின் மறுபடி முறுக்குங்கள். 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை மீண்டும் பாருங்கள். ஸ்டெப்னியில் காற்றிருக்கிறதா என்பதை அன்றைக்குத்தான் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளாமல், மாதம் ஒருமுறை மற்ற டயர்களோடு சேர்த்துப் பாருங்கள்.

பஞ்சர் கடையில் திரி செருகி அடைப்பது நடுப்பட்டைத் துளைக்கு மட்டும், அதுவும் தற்காலிகமாக. டயரைக் கழற்றி உள்ளிருந்து காளான் பேட்ச் (துளைக்குள் தண்டும் உள்பக்கம் ஒட்டும் பட்டையும் உள்ள பேட்ச்) போடச் சொல்லுங்கள். தோள்பட்டையிலோ பக்கச் சுவரிலோ துளை என்றால் டயர் முடிந்தது. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காற்றுக் குறைவோடு ஓடிய டயரையும் கழற்றி உட்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே ரப்பர் தூள் உதிர்ந்திருந்தாலோ வளையமாகக் கோடு தெரிந்தாலோ, வெளியே புதிதுபோல் இருந்தாலும் திரும்பப் போடாதீர்கள்.

கேரவன் டயர் தேய்ந்து சாவதில்லை, வயதாகிச் சாகிறது. பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2322 என்றால் 2022ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஐந்து வருடம் ஆனால் ஆண்டுதோறும் காட்டுங்கள். வெயிலில் நிற்கும் வண்டி என்றால் பட்டை எவ்வளவு இருந்தாலும் ஆறு, ஏழு வருடத்தோடு மாற்றுவதே எங்கள் ஆலோசனை.

சொந்தமாகக் காற்றடிக்கும் கம்ப்ரசர் வாங்குவதானால், 80 பி.எஸ்.ஐ. வரை உண்மையிலேயே ஏற்றக்கூடியதா, பேட்டரியில் நேராகக் கவ்வும் கிளிப் இருக்கிறதா என்று பாருங்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் வகை பாரமான டயருக்குத் திணறி ஃபியூஸைக் கொண்டுபோகும்.

கொடைக்கானலுக்குக் கிளம்பினால்

செட்டிநாட்டில் ஏற்றமே இல்லை என்பதால், குறை இருக்கும் ரேடியேட்டர் இங்கே மாதக்கணக்கில் சமாளித்துக்கொண்டிருக்கும். அது வெளியே தெரிவது வத்தலகுண்டு தாண்டி மலைப்பாதை ஏறத் தொடங்கிய பிறகுதான். காலை ஏழு மணிக்குள் அடிவாரத்துக்குப் போய்விடும்படி கிளம்புங்கள். முதல் பத்து கிலோமீட்டரில் 100 தாண்டிவிட்டால் மேலே போகாமல் திரும்புவது புத்திசாலித்தனம்.

சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் குளிரால் டயர் அழுத்தம் இறங்கும், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மீட்டர் கூடுதலாகவும் காட்டும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்ளும். கீழே 35 டிகிரியில் 65 இருந்த டயர், மேலே 15 டிகிரியில் 63 பக்கம் காட்டும். அதற்காக அங்கே காற்றடிக்க வேண்டியதில்லை. இறங்கும்போது ஏறிய அதே கியர். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடு ரிம் வழியாக டயருக்குப் போய், முன் சக்கரங்கள் இரண்டிலும் வெப்ப எச்சரிக்கை சேர்ந்தே வரும். அப்படி வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி, அரை மணி நேரம் ஆறவிட்ட பிறகே இறங்குங்கள்.

எச்சரிக்கை வந்த மறுநாள் காலை

வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பு, எல்லாம் குளிர்ந்திருக்கும்போது, எக்ஸ்பான்ஷன் டேங்கில் அளவு எந்தக் கோட்டில் இருக்கிறது என்று பேனாவால் ஒரு அடையாளம் வையுங்கள். வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டைப்பெட்டியை விரித்து இரவே வைத்திருந்தால், எங்கே சொட்டியது என்று காலையில் அது காட்டும். ஆயில் குச்சியை எடுத்து நிறம் பாருங்கள். டயர்கள் ஒவ்வொன்றிலும் மீட்டர் வைத்து, திரையில் காட்டும் எண்ணோடு ஒப்பிட்டு, இரண்டையும் தேதியோடு எழுதுங்கள். மூன்று காலை தொடர்ந்து இதைச் செய்யுங்கள். கூலன்ட் அதே கோட்டில் நின்று, டயர் ஒரு பி.எஸ்.ஐ. வித்தியாசத்துக்குள் இருந்தால், நீண்ட பயணத்துக்கு எடுக்கலாம். கோடு இறங்கினாலோ ஒரு டயர் மட்டும் தினமும் குறைந்தாலோ, வண்டி மெக்கானிக்கிடம் போகட்டும். கூடவே அந்த நோட்டையும் கொடுத்து விடுங்கள்.